கல்லாவை விட்டு இறங்கிய பிறகு



நம் ஊரில் இரண்டு வியாபாரிகள் சந்தித்துக் கொண்டால் "சௌக்கியமா?" என்று கேட்பது குறைவு. "கடை எப்படி அண்ணாச்சி?" என்றுதான் பேச்சு தொடங்கும். கடை நன்றாக நடந்தால் ஆளும் நன்றாக இருப்பதாகப் பொருள். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட அண்ணாச்சி எதிரே வந்தால் என்ன கேட்பது என்று தெரியாமல் நாமே பலமுறை விழித்திருக்கிறோம். இப்பொழுது சிலர் நம்மையும் அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

நமக்கு முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர். பலசரக்கு மொத்த வியாபாரம். வத்தலில் கெட்டிக்காரர். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மூட்டை வந்து இறங்கினால், ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குவார். விதை சலசலக்கும் ஓசையைக் கொண்டே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கணக்கு முழுவதும் கணினிக்குப் போயிற்று. இரண்டு பில்லில் பிழை ஏற்பட்டது. மகன் கோபித்துக் கொள்ளவில்லை. "நீங்க உழைச்சது போதும்ப்பா, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து நண்பரைப் பார்க்கப் போனோம். தினமும் சவரம் செய்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வேட்டியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், நாலு நாள் தாடியோடு டி.வி. முன்னால் சாய்ந்திருந்தார். சர்க்கரை ஏறியிருந்தது. நாம் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசினார். அவருடைய வீட்டம்மா நம்மைத் தனியே அழைத்து, "காலையில கொஞ்ச நேரமாவது வெளியே கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி, அடுப்படி வரைக்கும் வந்து கணக்குக் கேக்காங்க" என்றார். நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பெண்களுக்குக் கோயில், மாதா கோவில், அக்கம்பக்கம் என்று பேச்சுத்துணை எப்போதும் இருந்து வருகிறது. நாம் கடையைத் தவிர வேறொன்றும் சேர்த்து வைக்கவில்லை.

கடை நமக்குத் தந்தது லாபம் மட்டும்தானா? காலையில் பலகையை எடுத்தது முதல் இரவு பூட்டும் வரை எத்தனை பேர் வந்து போனார்கள்! லோடுமேன், லாரி டிரைவர், தரகர், கோயில் கொடைக்கு வரி கேட்டு வருபவர், பாக்கி வைத்துவிட்டுப் பார்வையைத் தவிர்க்கும் சில்லறைக் கடைக்காரர், டீ கொண்டு வரும் பையன். அவர்களைத் தொந்தரவு என்று முணுமுணுத்தோம். யார் எவ்வளவு தர வேண்டும், யாருடைய மகளுக்கு எந்த மாதம் கல்யாணம், கோவில்பட்டியில் என்ன விலை என்பதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே நாளில் அத்தனையும் நின்றால் உடம்பு தாங்குமா?

இது நம் கற்பனை இல்லை. தனிமையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் அதில் கூறியிருக்கிறார்கள். மணிக்கு நூறு பேர் என்று கணக்காகிறது. 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல், மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் நாம் மாற்றக்கூடியவையாகப் பதினான்கை எடுத்துக் கூறியது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை இவற்றோடு மனிதர் தொடர்பு அற்றுப் போவதும், காது கேளாமையும் அந்தப் பட்டியலில் உள்ளன. காது விஷயத்தை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காதுக் கருவி வைக்க வெட்கப்படுகிறார்கள். காது சரியாகக் கேட்காதவர் கூட்டத்துக்குப் போவதை முதலில் நிறுத்துகிறார். பிறகு பேச்சையே நிறுத்துகிறார். நம் நண்பர் குறைவாகப் பேசியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

திரேஸ்புரம் கடற்கரைக்கு ஒரு மாலையில் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போக முடியாத வயதில் உள்ளவர்கள் நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைத் தைத்துக் கொண்டிருப்பார்கள். இளையவர்கள் காற்றைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. 1961இல் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பில் சிப்பிக் குவியல் ஏலம் போனதைச் சிறு வயதில் பார்த்த ஒருவர் அங்கே இருக்கிறார். கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார், கை மட்டும் வலையை விட்டு அகலாது. பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றும்போதும், ஓய்வு பெற்ற தண்டல் ஒருவராவது பக்கத்தில் நின்று மூட்டை அடுக்கைக் குறை சொல்லிக் கொண்டிருப்பார். இளம் தண்டலுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அடுக்கை மாற்றுகிறார். உழைக்கும் மக்களிடம் உள்ள இந்த வழக்கம் கல்லாவில் அமரும் நம்மிடம் ஏன் இல்லை?

வ.உ.சி. 1906இல் இந்த ஊரில் கப்பல் கம்பெனி தொடங்கினார். சிறை சென்றார், செல்வத்தையெல்லாம் இழந்தார். அறுபது வயதில், 1932இல், மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார். கையில் காசில்லை, உடம்பும் நலமில்லை. அந்த நிலையிலும் 1935இல் சிவஞான போதத்துக்கு உரை வெளியிட்டார். 1936 நவம்பர் 18இல் இதே ஊரில் காலமானார். அவரோடு நம்மை ஒப்பிடவில்லை. ஒப்படைக்கக் கம்பெனியே இல்லாதபோதும் அவருக்கு வேலை இருந்தது என்பதைச் சொல்கிறோம்.

நண்பர் கதைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. நம் குடோனில் இடுப்பளவு தண்ணீர். சர்க்கரை மூட்டைகள் கரைந்து சாக்கு மட்டும் மிஞ்சியது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பில் போடும் இயந்திரம் இல்லை. நண்பரின் கடை மேடான இடம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். பழைய பேரேட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்துப் பென்சிலால் எழுதி, அரிசியும் பருப்பும் கடனுக்குக் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தால் பணம் திரும்பும், யாருக்குத் திரும்பாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கடையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. மகன் மூட்டை பிரித்துக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

அதன் பிறகு காலையில் இரண்டு மணி நேரம் கடைக்கு வருகிறார். சரக்குத் தரம் பார்ப்பதும், பழைய பாக்கி கேட்பதும் அவர் பொறுப்பு. காதுக் கருவியும் வைத்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. சவரம் மட்டும் தினமும் நடக்கிறது.

இடையில் ஒரு செய்தி. கடையை, கட்டடத்தை மக்கள் பேருக்கு எழுதுகிறவர்கள் 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால், அது மீறப்படும்போது எழுதிக் கொடுத்ததைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் சோறு போடச் சொல்லச் சட்டம் உண்டு, நாலு பேரோடு உட்கார வைக்கச் சட்டம் கிடையாது.

அதை நம் சங்கம் செய்யலாம். செய்கிறோமா? கடை உரிமம் யார் பேரில் உள்ளதோ அவரே உறுப்பினர் என்பது நம் விதி. பெயர் மாறிய அன்றே தகப்பனார் வெளியே. முப்பது வருடம் சந்தா கட்டியவர் ஒருவர் போன முறை பொதுக்குழுவுக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவரிடம், "உங்க பையன் போட்டாச்சு அண்ணாச்சி" என்றார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று நாமும் அருகில் இருந்தோம், வாய் திறக்கவில்லை.

'மூத்த உறுப்பினர்' என்று ஒரு பிரிவு வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். பாதிச் சந்தா. கொடுக்கல் வாங்கல் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகுமுன் பேசித் தீர்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். புதிதாகக் கடை வைக்கும் பிள்ளைகளுக்குச் சரக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம். படுக்கையில் இருக்கும் உறுப்பினரைப் போய்ப் பார்த்து வரலாம். ஓட்டுரிமை உண்டா என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். ஓட்டில்லாமல் வந்து உட்காரச் சொன்னால் அது மரியாதைக்கு நாற்காலி போட்டதாகவே முடியும். உண்டு என்றே எழுதியிருக்கிறோம். இதில் மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லட்டும்.

தீர்மானம் செயலாளர் கையில் இருக்கிறது. வழிமொழிய ஒருவர் தேவை. முன்மொழிபவர் நடப்பு உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. நம் கடை உரிமம் வரும் ஏப்ரலில் மகன் பேருக்கு மாறுகிறது. ஆகவே கூட்டத்தை மார்ச் மாதத்துக்குள் கூட்டும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.