வீட்டு வலையமைப்பின் வேகத்தைக் கூட்டுதல்

மாணவர்களே, "வேகமான ஆளியொன்றைப் பொருத்தினால் இணைய வேகம் கூடுமா?" எனக் கேட்டால் பலர் "ஆம்" என்றே எழுதிவிடுகின்றனர். இவ்விடை ஏன் பிழையானது எனப் பார்ப்போம்.

வீட்டிலுள்ள கணினிகளை வடங்கள் மூலம் ஒன்றோடொன்று இணைக்கும் சாதனம் ஆளி ஆகும். செப்பு வடத்தில் செக்கனுக்கு 1 கிகாபிற்று வேகத்துக்கான நியமத்தை ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 1999 இல் வெளியிட்டது. 10 கிகாபிற்றுக்கான நியமம் 2006 இல் வந்தது. ஆயினும் அவ்வேகம் 100 மீற்றர் வரை செல்ல வகை 6ஏ வடம் தேவை. சுவருக்குள் பதித்த வடங்களை மாற்றுவது செலவு மிக்கது. எனவே, ஏற்கெனவே உள்ள வடங்களையே பயன்படுத்தும் நோக்குடன் 2016 இல் இடைப்பட்ட இரு வேகங்கள் நியமமாக்கப்பட்டன.

• 2.5 கிகாபிற்று: வகை 5ஈ வடம், 100 மீற்றர் வரை
• 5 கிகாபிற்று: வகை 6 வடம், 100 மீற்றர் வரை

பணம் செலவிடும் முன் கவனிக்க வேண்டியவை:

1. வடத்தின் இரு முனைகளிலுமுள்ள சாதனங்கள் தமக்குப் பொதுவான உச்ச வேகத்தையே தெரிவு செய்யும். கணினியின் வலையமைப்பு அட்டை 1 கிகாபிற்று எனின், புதிய ஆளியாலும் பயனில்லை.
2. வடத்திலுள்ள 4 சோடிக் கம்பிகளும் (8 கம்பிகள்) பழுதின்றி இருத்தல் வேண்டும்.
3. கோப்பைப் பெறும் சேமிப்பகமும் அவ்வேகத்தில் எழுதக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

உதாரணம்: 50 கிகாபைற்றுக் கோப்பொன்றை ஒரு கணினியிலிருந்து மற்றையதற்கு அனுப்பல்.
1 பைற்று = 8 பிற்று. ஆகவே, 50 × 8 = 400 கிகாபிற்று.
1 கிகாபிற்று ஆளியில்: 400 ÷ 1 = 400 செக்கன்
2.5 கிகாபிற்று ஆளியில்: 400 ÷ 2.5 = 160 செக்கன்
(நடைமுறையில் சற்றுக் கூடுதலாகும்.) 8 ஆல் பெருக்க மறந்தால் விடை முழுவதும் பிழைக்கும்.

பயிற்சி வினா: இணைய இணைப்பின் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிற்று. 1000 மெகாபைற்றுக் கோப்பொன்றைப் பதிவிறக்க எவ்வளவு நேரமாகும்? ஆளியை 1 இலிருந்து 2.5 கிகாபிற்றுக்கு மாற்றினால் அந்நேரம் குறையுமா?

விடை: 1000 × 8 ÷ 100 = 80 செக்கன். குறையாது. இங்கு வேகத்தைத் தீர்மானிப்பது இணைய இணைப்பே, ஆளி அன்று. பாதையில் மிக மெதுவான பகுதி எதுவோ, அதுவே முழுப் பாதையின் வேகம் ஆகும்.