ஹார்ட் டிஸ்க்குக்கும் காற்று வேண்டும்

மணாலியிலிருந்து லேவுக்கு பைக்கில் போகிறவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரை மறப்பதில்லை. பகலெல்லாம் எடுத்த படங்களை இரவில் ஏற்றி வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும் பையில் இருக்கும். மலையேறினால் அதற்கும் காற்று பற்றாமல் போகும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கையடக்க ஹார்ட் டிஸ்க்கினுள் கண்ணாடி போல மின்னும் வட்டத் தட்டுகள் உண்டு; குறுக்களவு சுமார் இரண்டரை அங்குலம். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால், விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன்மேல் படிக்கவும் எழுதவும் செய்கிற முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி! முனையைத் தாங்குவது, சுழலும் தட்டு தன்னோடு இழுத்துவரும் காற்று. அதற்காகவே உள்ளிருக்கும் டிஸ்க்கின் உறையில் வடிகட்டியுடன் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். 'இதை மூடாதீர்கள்' என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, முனை தாழ்கிறது. அதனால் பல டிஸ்க்குகளுக்கு இயக்க வரம்பு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கவலையில்லை. லேவோ சுமார் 3,500 மீட்டர். பையில் அணைந்து கிடக்கும் டிஸ்க்குக்கு அங்கே ஒன்றும் ஆகாது, ஓடவிட்டால்தான் ஆபத்து. விமானத்திலும் பயமில்லை: கேபினுக்குள் காற்றழுத்தம் பொதுவாக 8,000 அடி உயரத்துக்கு உரியதைவிடக் குறையாது. எக்ஸ்ரே சோதனையும் தகவலை அழிக்காது.

அடிபடுவதும் அப்படித்தான், ஓடும்போதுதான் ஆபத்து. அணைத்ததும் முனை தட்டைவிட்டு விலகி ஓரத்துச் சரிவில் ஏறி ஒதுங்கிவிடும். படம் ஏறிக்கொண்டிருக்கும்போது ரயில் பெர்த்திலிருந்து நழுவி விழுந்தால், முனை தட்டில் உரசி காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். அதில் இருந்த படங்கள் போனவைதான். எனவே கணினியில் 'எஜெக்ட்' கொடுத்து, கேபிளைக் கழற்றி, சுழற்சி அடங்கப் பத்து விநாடி பொறுத்துப் பைக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல மாடல்களுக்கு இயக்க வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான்.

எஸ்.எஸ்.டி. என்ற இன்னொரு வகைச் சேமிப்பகத்தில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. மலைக்கும் பைக்குக்கும் அதுவே சரி. ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். அதோடு, அது தகவலை மின்னூட்டமாகவே வைத்திருக்கிறது. மின் இணைப்பில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியலாம். பயணத்துக்கு எஸ்.எஸ்.டி., வீட்டு அலமாரிக்கு ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

எதை வாங்கினாலும் தொலையலாம், திருடு போகலாம். கிளம்பும் முன்பே கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு பைகளில் வைக்கும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காதீர்கள்.