சாரணர் ஏறும் படிகள்

கழுத்தில் வண்ணத் துணியும், சட்டைக் கையில் சிறு சிறு சின்னங்களும் அணிந்த சாரணச் சிறுவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் வாழும் ஆரப்பாளையம் வைகைக் கரையை ஒட்டியது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவில் மக்கள் வெள்ளத்தினூடே தொண்டு புரியும் மாணவர்களைக் காணுந்தோறும், அச்சின்னங்களின் பொருளை எண்ணிப் பார்ப்பேன். அவை அணிகலன்களா, அன்றி வேறொன்றா?

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் சுமார் இருபது சிறுவர்களுடன் பேடன் பவல் நடத்திய பாசறையே இவ்வியக்கத்தின் வித்து. 1909-இல் அது பெங்களூருக்கு வந்தது. ஆயினும், தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அக்குறையைப் போக்க, 1916-இல் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் கண்டார். நாடு விடுதலை பெற்றபின், தனித்தனியே இயங்கிய அமைப்புகள் 1950 நவம்பர் 7-ஆம் நாள் ஒன்றிணைந்து ‘பாரத சாரணர் இயக்கம்’ ஆயின. மறு ஆண்டில் சாரணியரும் அதனுடன் இணைந்தனர்.

இவ்வியக்கத்தில் புகும் மாணவன் முதலில் உறுதிமொழியையும் சாரண விதிகளையும் கற்கிறான், இது ‘பிரவேஷ்’. அதன்பின் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என மூன்று நிலைகள். சோபானம் என்றால் படிக்கட்டு; பொருத்தமான பெயரே! அதற்கும் மேலே மாநில நிலையில் ஆளுநர் வழங்கும் ‘ராஜ்ய புரஸ்கார்’. அனைத்துக்கும் சிகரமாகக் குடியரசுத் தலைவர் விருது. ஒரே தாவலில் இவற்றை எட்ட இயலாது. ஒவ்வொரு படியிலும் குறித்த மாதங்கள் நின்று பணியாற்றிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம்.

இப்படிகளில் ஏறும்போது ஈட்டுபவையே திறமைச் சின்னங்கள். முதலுதவி, சமையல், நீச்சல், தீயணைப்பு, பாசறை அமைத்தல் எனப் பல துறைகளில் அவை உண்டு. விரும்பும் துறையைத் தேர்ந்து பயின்று, அத்துறையை அறிந்தவர் முன் செய்து காட்ட வேண்டும். அமெரிக்க நாட்டிலோ ‘கழுகுச் சாரணர்’ என்னும் உயர்நிலைக்கு 21 சின்னங்கள் தேவை. வழிகள் வேறுபடினும் நோக்கம் ஒன்றே.

அந்நோக்கத்தை ஒரு கயிற்று முடிச்சைக் கொண்டு விளக்குகிறேன். ஆற்றுவெள்ளத்தில் ஒருவன் தத்தளிக்கிறான் என்று கொள்ளுங்கள். அவன் உடலைச் சுற்றி வரும் வளையம், இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சாயின், காக்க வந்த கயிறே அவன் மூச்சை நெருக்கும். இழுத்தாலும் அளவு மாறாத வளைய முடிச்சு ஒன்று உண்டு. அதுவே அங்கு வேண்டும். தேர்வு நாளில் போட்டுக் காட்டி மறுநாள் மறந்த முடிச்சால் எவருக்கு என்ன பயன்? சின்னத்தை அணிந்தவனை நம்பி ஒருவர் தம் உயிரையே ஒப்படைக்கக்கூடும். ஆகவே, சின்னம் என்பது பிறருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வாக்குச் சீட்டு என்பேன்.

இந்திய ரயில்வேயில் சாரணருக்கெனச் சில பணியிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. குடியரசுத் தலைவர் விருது அதற்கு ஒரு தகுதி. வேலை நாடி விருதை விரும்புவது குற்றமன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெருந்துணையே. ஆனால், சான்றிதழ் மட்டும் போதும், திறமை பின்னர் வரட்டும் என்று எண்ணுவது தவறு. இருப்புப் பாதையிலும் ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆதலின் மாணவர்களே, உங்கள் பள்ளியில் சாரணர் படை இருப்பின் சேருங்கள். ஒரு சின்னம் பெற்றதும் உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்: “இன்றிரவு ஒருவர் கதவைத் தட்டி உதவி வேண்டினால், இதை என்னால் செய்ய இயலுமா?” இயலும் என்று நெஞ்சு சொன்னால், அடுத்த படியில் கால் வையுங்கள்.