ஒரு நாளும் விற்காத விலை

2022-ல் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோலின் சராசரி விலை என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 103 ரூபாய் 54 காசு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் ஒரே ஒரு நாள்கூட அந்த விலைக்குப் பெட்ரோல் விற்கவில்லை.

ஜனவரி 1 முதல் மார்ச் 21 வரை 80 நாள் விலை 101.40-லேயே உட்கார்ந்திருந்தது. மார்ச் 22-ல் கிளம்பியது. பெரும்பாலான நாள்களில் காலை எழுந்தால் முக்கால் ரூபாய் கூடியிருக்கும். ஏப்ரல் 6-ல் 110.85-க்குப் போய் நின்று, அங்கேயே 46 நாள். மே 21 அன்று மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைப்பதாக அறிவிக்க, மறுநாள் 102.63. டிசம்பர் 31 வரை 224 நாள் அதே விலைதான். (பெட்ரோல் பங்க்கைப் பொறுத்துச் சில காசு முன்னே பின்னே இருக்கும்.)

இந்த 365 விலைகளையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்குங்கள். சரிபாதியில், 183-வதாக நிற்கும் சீட்டு இடைநிலை அளவு. அதில் 102.63 என்று இருக்கும். அதிகத் தடவை வந்த எண் முகடு. அதுவும் 102.63. (இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் முறையே இடை, இடையம், ஆகாரம்.) சராசரி மட்டும் 91 காசு மேலே தனித்து நிற்கிறது. மேலே இழுத்தவை அந்த 46 நாள்கள்.

ஒரு பேச்சுக்கு, அந்த 46 நாளும் விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 108 ரூபாயைத் தாண்டிவிடும். இடைநிலையும் முகடும் அசையவே அசையாது. இதனால்தான், ஒருசில பெரிய எண்கள் கணக்கைக் கெடுக்கும் இடத்தில் இடைநிலையை நம்பு என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். சம்பளத்துக்கு அது சரி. பெட்ரோலுக்கு நான் ஒப்ப மாட்டேன். தினம் 2 லிட்டர் போட்டுக்கொண்டு சாப்பாடு டெலிவரி செய்கிற பையனுக்கு, அந்த 46 நாளும் பையிலிருந்து போன காசு நிஜம். இடைநிலையை வைத்து அவன் வருஷச் செலவைப் போட்டால் 660 ரூபாய் துண்டு விழும். அவன் கணக்கு சராசரியில்தான் நேராகும்.

அதிலும் ஒரு சிக்கல். நம்மில் பலர் லிட்டர் கணக்கில் கேட்பதே இல்லை. “இருநூறுக்குப் போடுங்க” என்போம், பங்க் ஊழியரும் “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்பார். விலை ஏறிய நாளில் அதே இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக டேங்கில் விழும். தினமும் இப்படிப் போடுகிறவருக்கு லிட்டருக்கு விழுந்த விலை, இசைச் சராசரி என்ற வேறொரு கணக்கில் வரும். வித்தியாசம் பத்துக் காசுக்குள்தான். ஆனாலும் நம்மை அறியாமலே பத்துக் காசு கெட்டிக்காரர்களாக இருந்திருக்கிறோம்!

மூன்றில் எனக்குப் பிடித்தது முகடு. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை நிர்ணயம் நடைமுறையில் இருக்கிறது. தினம் மாறவேண்டிய விலைக்கு முகடு என்று ஒன்று உருப்படியாக அமையவே கூடாது. ஒரே எண் திரும்ப வந்தால் அது தற்செயல். இங்கேயோ 365-ல் 224. முந்தைய 101.40-ம் 2021 நவம்பர் 4-லிருந்து அசையாமல் கிடந்ததுதான். உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு மார்ச் 10-ல் வந்தது. பன்னிரண்டாம் நாள் விலை ஏறத் தொடங்கியது. சராசரியைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

2023-க்கும் கணக்குப் போடலாம் என்று தாளை எடுத்தேன். கச்சா எண்ணெய் அந்த வருஷம் பீப்பாய்க்கு 70 சொச்சம் டாலருக்கும் 90 சொச்சத்துக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் பெட்ரோலின் சராசரி 102.63, இடைநிலை 102.63, முகடு 102.63.