பழைய பிக்கப் வண்டியின் பின்னச்சு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருவீதி, கட்டுகஸ்தோட்டையைக் கடந்தபின் அக்குறணையின் நீண்ட கடைத்தெருவினூடே மாத்தளை நோக்கி ஏறுகின்றது. மிளகு, கராம்பு, சாதிக்காய் மூட்டைகளையும் சீமெந்துப் பைகளையும் சுமந்தபடி அவ்வழியே செல்லும் பிக்கப் வண்டிகளுள் நரை திரை கண்டவை பல. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு வியாபாரம் தொடங்க எண்ணும் குடும்பமொன்று, மனைவியின் நகையை அடகு வைத்தேனும் இத்தகைய வண்டியை வாங்குகின்றது. வாங்குவோர் வர்ணத்தைப் பார்க்கின்றனர். என்ஜினை முடுக்கி ஓசையைக் கேட்கின்றனர். பாரம் முழுவதையும் தாங்கும் பின்னச்சைக் குனிந்து பார்ப்பவரோ மிகச் சிலரே!

என்ஜினின் சுழற்சி நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்னச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பகுதிக்கு வருகின்றது. அங்கே ‘பினியன்’ எனும் சிறு பற்சக்கரம் ‘கிரவுன் வீல்’ எனும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகின்றது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமாதலால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும் ‘டிபரன்ஷல்’ என்ற அமைப்பும் அதனுள்ளேயே உண்டு. பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1828இல் உரிமை பெற்ற அமைப்பு அது. மோட்டார் வண்டி பிறக்கும் முன்பே அது பிறந்துவிட்டது!

அச்சின் வகையை அறிய அதனைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியின் பின்னால் நின்று கீழே நோக்குங்கள். உருண்டையின் பின்புறம் திருகாணியின்றி வழுவழுப்பாகவும், முன்புறம் வட்டமாக நட்டுகள் வரிசையிட்டும் இருப்பின் அது ‘பான்ஜோ’ வகை. அப்பெயருடைய நரம்பிசைக் கருவியை ஒத்த உருவத்தால் வந்த பெயர். மொறிஸ் மைனர் பிக்கப், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றில் இதனைக் காணலாம். பற்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி மேசைமேல் வைத்துப் பழுது பார்க்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. பின்புறத்தில் திருகாணிகளால் பூட்டிய மூடி இருப்பின் அது ‘சாலிஸ்பரி’ வகை. நடுவில் வார்ப்பிரும்பும் இரு புறமும் குழாய்களுமாக அமைந்த இவ்வகை உறுதியில் குறைந்ததன்று. ஆயினும் பற்களின் இடைவெளியை வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே சரிசெய்ய வேண்டியிருப்பதால் கைதேர்ந்த மெக்கானிக் தேவை. 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் வரிசை லாண்ட் ரோவரில் குட்டை வண்டிக்குப் பான்ஜோவும் நெட்டை வண்டிக்குச் சாலிஸ்பரியும் பொருத்தப்பட்டன. ஆகவே, ‘லாண்ட் ரோவர் அச்சு’ என்று மட்டும் சொல்லி உதிரிப்பாகம் கேட்பது போதாது. நடுவே இரு பாதிகளாகப் பிளந்து பூட்டும் வகையும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீ.எம்.சி. இராணுவ லொறிகளில் சில பிளவு அச்சுடனும் சில பான்ஜோ அச்சுடனும் வந்தன.

இனிச் சக்கரத்தின் நடுவைக் கவனிப்போம்; உயிரோடு தொடர்புடைய செய்தி இங்குதான் உள்ளது. ‘அரை மிதப்பு’ அச்சில், உள்ளிருக்கும் தண்டே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பாரத்தையும் அதுவே தாங்குகின்றது. தண்டு முறியின் சக்கரமும் கழன்றோடக்கூடும். ‘முழு மிதப்பு’ அச்சில் பாரத்தை வெளிக்குழாய் தாங்கிக்கொள்ள, தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்கின்றது. முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். நடுவில் தடித்த குடம் வெளியே துருத்தி, அதன் முகத்தில் சிறு திருகாணிகள் வட்டமாக இருப்பின் பெரும்பாலும் முழு மிதப்பு எனக் கொள்ளலாம். லாண்ட் ரோவர் இதற்கு உதாரணம். ஹைலக்ஸ் அரை மிதப்பு. அளவான பாரத்துக்கு அரை மிதப்பு போதுமானதே. எனினும் ஒரு தொன் வண்டியில் இரண்டு தொன் ஏற்றிக் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குவோரின் துணிச்சலை நாம் மெச்சுவதற்கில்லை.

மாணவர்கள் விரும்பக்கூடிய கணக்கொன்றும் இதில் உண்டு. கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பின் விகிதம் 4.1; 39க்கு 8 எனின் 4.875. பின்னையது மேட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான இழுவிசை தரும். சமதரையிலோ அதே வேகத்துக்கு என்ஜின் அவ்வளவு கூடுதலாகச் சுழன்று எரிபொருளைக் குடிக்கும். மலைநாட்டில் பாரம் இழுப்போருக்குப் பெரிய விகிதமே ஏற்றதென்பது நமது கருத்து. பற்களைக் காணாமலே விகிதத்தை அறியும் முறை இது: முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, பின்சக்கரம் ஒன்றை மட்டும் உயர்த்துக. ஜாக்கை மட்டும் நம்பாது தாங்கியும் வைத்தல் வேண்டும். உயர்த்திய சக்கரத்தை 20 முறை சுழற்றி, நீண்ட தண்டு எத்தனை முறை சுழல்கின்றதென எண்ணுக. மற்றச் சக்கரம் நிலத்தில் நிற்பதால், இச்சக்கரம் இரு முறை சுழன்றால்தான் கிரவுன் வீல் ஒரு முறை சுழலும். ஆகவே எண்ணிக்கை 41 எனின் விகிதம் 4.1, 49ஐ நெருங்கினால் 4.875.

நாற்சக்கர உந்து வண்டி வாங்குவோர் இச்சோதனையை முன்னச்சுக்கும் செய்தல் நன்று. பின்னச்சு உடைந்தபோது அகப்பட்ட வேறொன்றைப் பொருத்தி விற்றுவிடுவோர் உண்டு. முன்னும் பின்னும் விகிதம் மாறுபடின், நாற்சக்கர உந்தில் கெட்டித்தரையில் ஓடும்போது இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்சக்கரங்களை நொறுக்கும். டொயோட்டா வண்டியின் தகட்டில் அச்சுக்கென ஒரு குறியீடு உண்டு. அதன் முதலெழுத்து கிரவுன் வீலின் அளவையும், அடுத்த எண்கள் விகிதத்தையும் குறிக்கும். எண்ணிக் கண்ட விகிதம் அதனோடு பொருந்தாவிடின் அச்சோ பற்சக்கரமோ மாற்றப்பட்டிருக்கின்றது என ஐயுறலாம்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். பினியனைக் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே பொருத்தும் ‘ஹைப்பொயிட்’ முறையை 1926இல் பாக்கார்ட் நிறுவனம் கார்களிற் புகுத்தியது. இதில் பற்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கி உராய்வதால், பேரழுத்தம் தாங்கும் எண்ணெய் இன்றியமையாதது. பழைய பேஜோ 404இல் உள்ளதோ திருகுப் பல்லும் வெண்கலச் சக்கரமும்; அதற்குரிய எண்ணெய் வேறு.

அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைத்தெருவை மூழ்கடித்த நாட்கள் பல. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த வெள்ளத்தில் அமிழ்ந்ததும், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உள்ளிழுக்கும். நீர் கலந்த எண்ணெய் பால்தேநீர் போல் வெளுத்துவிடும். வண்டியைச் சில மணி நேரம் அசையாது நிறுத்தி வைத்து, அடித்திருகைத் தளர்த்திச் சில துளி எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஏந்திப் பாருங்கள். முதலில் நீர் சொட்டினாலும், எண்ணெய் வெளுத்திருந்தாலும், இரும்புத் துணுக்குகள் மின்னினாலும், பழுதுச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்த பின்னரே விலை பேசுக.