தொலைந்து போன உலகமா, தொலைத்துவிட்ட உலகமா?

செந்தோசாவில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யூனிவர்சல் ஸ்டூடியோஸில் ஒரு பகுதிக்கே 'தொலைந்த உலகம்' என்றுதான் பெயர். வட்டப் படகில் ஏறினால் காட்டாறு, ஆற்றின் வளைவுகளில் டைனோசர்கள். இருட்டுக்குள் பெரிய பல்வரிசை ஒன்று தலைக்கு மேல் வரும்போது, அது இயந்திரம்தான் என்று தெரிந்த அப்பாக்களும் குனிந்துகொள்கிறார்கள். நனைந்து இறங்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னொரு தடவை போகலாமா?" என்பது. இரண்டாவது கேள்வியில்தான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். "நிஜமாவே எங்கேயாவது காட்டுக்குள்ள டைனோசர் ஒளிஞ்சிக்கிட்டு இருக்குமா?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் இரண்டு தரப்பு உண்டு. "உலகம் பெரியது, மனிதன் பார்க்காத மூலை இல்லாமலா போகும்?" என்பது ஒரு தரப்பு. "எல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்பது மறு தரப்பு. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்த்தால், இருவரும் கவனிக்காத மூன்றாவது பதில் ஒன்று கிடைக்கிறது. அது நம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

கதை பிறந்த கதை

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், 1912-ஆம் ஆண்டு 'தொலைந்த உலகம்' என்ற நாவலை எழுதினார். யாரும் நம்பாத ஒரு பேராசிரியர், தென்னமெரிக்கக் காட்டுக்கு நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் ஒரு பீடபூமி, அதன் மேல் உலகத்தோடு தொடர்பே இல்லாமல் உயிர்வாழும் டைனோசர்கள். நான்கு பேர் ஒரு மரத்தை வெட்டிப் பாலமாகச் சாய்த்துப் பீடபூமிக்குள் போகிறார்கள். துரோகி ஒருவன் அந்த மரத்தைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான். திரும்ப வழியில்லை!

இதற்குப் பிறகு வந்த காட்டு சாகசக் கதைகள் பலவும் இந்தச் சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவைதான். 1925-இல் இதே நாவல் மௌனப் படமானது. 1933-இல் கிங் காங் வந்தது. 1995-இல் மைக்கேல் கிரைட்டன் தம் ஜுராசிக் பார்க் கதையின் தொடர்ச்சிக்கு அதே பழைய தலைப்பையே வைத்தார். 1997-இல் ஸ்பீல்பெர்க் அதைப் படமாக்கினார். செந்தோசாப் படகு அந்த வரிசையில் வந்ததுதான்.

தமிழர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம், ஹாலிவுட்டின் வில்லியம் பெர்க்கோடு சேர்ந்து 1952-இல் எடுத்த படம் 'தி ஜங்கிள்'. ராட் கேமரன், சீசர் ரொமேரோ ஆகியோரோடு நம் எம்.என். நம்பியாரும் அதில் நடித்தார். தமிழில் 'காடு' என்று வெளியானது. கதை இதுதான். காட்டு யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை நாசமாக்குகின்றன. காரணம் தேடிக் கிளம்பும் குழு கடைசியில் கண்டுபிடிப்பது, எப்போதோ அழிந்துவிட்டதாக நினைத்த சடை யானைகளை! சேலத்துக்காரர்கள் மாமத்துக்கு எங்கே போவார்கள்? சாதாரண யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்திவிட்டார்கள்.

பாதி உண்மை

முதல் தரப்புக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது. கோனன் டாயில் நாவல் வந்த அதே 1912-ஆம் ஆண்டில், சிங்கப்பூருக்குத் தெற்கே, இன்றைய இந்தோனீசியாவின் போகோர் அரும்பொருளக இயக்குநர் ஓவன்ஸ், கொமோடோ தீவில் வாழும் ராட்சத உடும்பைப் பற்றி அறிவியல் உலகுக்கு முதன்முதலாக எழுதினார். தீவு மக்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த பிராணி அது. வெளியுலகத்துக்குத்தான் புதிது.

அடுத்தது சீலகாந்த் மீன். டைனோசர்களோடு சேர்ந்தே அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த மீன்வகை, 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியது. 1997-இல் இந்தோனீசியாவின் மனாடோ மீன் சந்தையில் இன்னொரு வகை சீலகாந்த் தள்ளுவண்டியில் போனது!

அப்படியென்றால் டைனோசருக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு இல்லை? இங்கேதான் கதை சொல்லும் கணக்கும் இயற்கை போடும் கணக்கும் பிரிகின்றன.

தனிமை காப்பாற்றுமா?

கதையின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். ஓர் இடத்தை உலகத்திலிருந்து துண்டித்துவிட்டால் அங்கே உள்ளது அப்படியே இருக்கும், ஊறுகாய் ஜாடிபோல.

உண்மையில் நடப்பது வேறு. ஒரு பெரிய ஊனுண்ணி பிழைக்க வேண்டுமானால் அதற்கு இரையாக ஏராளமான தாவர உண்ணிகள் வேண்டும். அவற்றுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். ஒரு ஜோடி இருந்தால் போதாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் குறைபாடுகள் தலைமுறைக்குத் தலைமுறை சேரும். ஆகவே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒரு மலை உச்சியில் இத்தனைக்கும் இடம் ஏது? சிறிய கூட்டத்தை ஒரு வறட்சியோ ஒரு தொற்றுநோயோ முடித்துவிடும். பறவைகளாக மாறிய கிளையைத் தவிர மற்ற டைனோசர்கள் எல்லாம் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் ஒரு சிறு கூட்டம் தாக்குப்பிடிக்க முடியாது.

சீலகாந்துக்குக் கிடைத்தது பரந்த ஆழ்கடல். நிலத்தில் வாழும் ராட்சதப் பிராணிக்கு அந்த வசதி இல்லை.

நிஜமாகவே ஒரு 'தொலைந்த உலகம்' இருந்தது. ரஷ்யாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவு. கண்டங்களில் மாமத்துகள் அழிந்த பிறகும் அந்தத் தீவில் ஒரு கூட்டம் தப்பிப் பிழைத்தது. எகிப்தில் பிரமிடுகள் எழுந்தபோதும் அவை அங்கே உலாவிக்கொண்டிருந்தன. சேலத்துப் படத்தின் கற்பனை ஓரளவு உண்மைதான்! ஆனால் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு அவையும் மறைந்தன. அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் நடந்த தடயங்களைக் கண்டார்கள். கடைசி அடி எது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. தனிமை அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் வாங்கித் தந்தது. நிரந்தர வாழ்வைத் தரவில்லை.

ஏழாவது நிலையத்தில் ஒரு பீடபூமி

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயில் ஏறினால் ஏழாவது நிலையம் பியூட்டி வோர்ல்ட். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புக்கிட் தீமா காடு. 1854-ஆம் ஆண்டு இங்கே தங்கிப் பூச்சி பிடித்தவர் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். காட்டுப் பாதைகளில் புலிக்காக வெட்டிய குழிகளில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. கோனன் டாயிலின் பேராசிரியர் முதன்முதலில் தென்னமெரிக்கா போவதே வாலஸ் முதலானோரின் முடிவுகளைச் சரிபார்க்கத்தான் என்று நாவலில் வருகிறது. தேக்காவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய ஒரு காட்டுக்கும் உலகப் புகழ்பெற்ற டைனோசர் கதைக்கும் இப்படி ஓர் இழை ஓடுகிறது.

இந்தக் கதைகளில் உள்ளூர்வாசிகளுக்கு ஒரே வேடம்தான்: சுமை தூக்குவது, வழி காட்டுவது, முதலில் சாவது. உண்மை அப்படியா? வாலஸோடு ஆண்டுக்கணக்கில் தீவு தீவாகச் சென்ற மலாய் இளைஞர் அலி பறவைகளைப் பிடித்தார், தோலுரித்துப் பதப்படுத்தினார், நோயில் விழுந்தபோதும் பயணத்தைத் தொடர்ந்தார். வாலஸின் புகழ்பெற்ற சேகரிப்பில் பெரும்பங்கு அவர் உழைப்பு.

அந்தப் புக்கிட் தீமா காட்டில் இன்று புலி இல்லை. 1980-களின் நடுவில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போடப்பட்டபோது, இந்தச் சிறு காடு பக்கத்தில் இருந்த பெரிய மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டாகிவிட்டது. நாவலில் துரோகி தள்ளிவிட்ட பாலம் நினைவிருக்கிறதா? இங்கே பாலத்தைத் தள்ளியது எந்தத் துரோகியும் இல்லை. வளரும் நகரத்தின் தேவை. ஆனால் எறும்புத்தின்னிக்கும் சருகுமானுக்கும் விளைவு ஒன்றுதான். கடக்கப் பார்த்தவை வாகனத்தில் அடிபட்டன, கடக்காதவை சிறு வட்டத்துக்குள் அடைபட்டன.

கதையில் துண்டிப்பு காப்பாற்றுகிறது. நிஜத்தில் துண்டிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. இதை உணர்ந்துதான் அதே விரைவுச்சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளத்தில், மண் நிரப்பி, மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே ஒரு மேம்பாலம் கட்டினார்கள். 2013-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தில் மனிதர்கள் போக அனுமதியில்லை. எறும்புத்தின்னி அதைப் பயன்படுத்துவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

உலகத்தில் சிங்கப்பூரில் மட்டுமே வாழும் ஒரு பிராணி உண்டு தெரியுமா? கட்டைவிரல் அளவே உள்ள ஒரு நன்னீர் நண்டு. 1986-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. சில ஓடைகளில் மட்டும் மிச்சமிருக்கிறது. நம் ஊரின் 'தொலைந்த உலகத்துப் பிராணி' கர்ஜிப்பதில்லை, கல்லுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது.

திமிங்கலம் போனது, டைனோசர் வந்தது

உயிரோடு காக்க முடியாமல் போனவற்றின் எலும்பையாவது காத்தோமா? பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் 1907 முதல் 42 அடி நீளத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று கூரையிலிருந்து தொங்கியது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்க் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து வளர்ந்த திமிங்கலம். 1972-இல் அரும்பொருளகம் தன் கவனத்தை வரலாறு, கலை பக்கம் திருப்பியதும் விலங்குச் சேகரிப்பு பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்குப் போனது. 1974-இல் திமிங்கலத்தை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவை பெட்டி பெட்டியாக இடம் மாறி இடம் மாறி அலைந்தன. அவற்றைத் தூக்கி எறியவிடாமல் பாதுகாத்தது சில ஆய்வாளர்களின், ஊழியர்களின் பிடிவாதம்.

2009-இல் ஒருநாள் அந்தச் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது 3,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். அதன் பிறகே முறையான அரும்பொருளகம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. லீ அறநிறுவனம் 25 மில்லியன் வெள்ளி கொடுத்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டி எடுத்த மூன்று டைனோசர்களை வாங்கத் தனியாக நிதி திரட்டினார்கள். 2015 ஏப்ரலில் லீ காங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் திறந்தது. பிரின்ஸ், அப்போலோனியா, குட்டி டுவிங்கி என்று பெயர் வைத்த அந்த மூன்றும் சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையானவை. பெரும்பகுதி அச்சில் வார்த்த பொம்மை இல்லை, அசல் எலும்பு.

அதே ஆண்டு ஜூலையில் ஜூரோங் தீவு அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள திமிங்கலம் ஒன்று இறந்து மிதந்தது. அதன் எலும்புக்கூடும் இப்போது அங்கேதான். அதன் வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக்கும் கிடந்தது.

அரியலூரில் நடந்தது

காப்பாற்றத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடற்கரை. அங்கே கல்லமேடு கிராமத்துக்கு அருகே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் கண்டெடுத்த எலும்புகளை 1980-களின் பிற்பகுதியில் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர். அந்த டைனோசருக்கு 'பிருகத்காயசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். தஞ்சைப் பிரகதீசுவரர் பெயரில் உள்ள அதே 'பெரிய' என்ற பொருள்தான். பேருடல் கொண்டது. உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. 2023-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு அதன் எடை 100 டன்னுக்கு மேல் என்றது.

இருக்கலாம், கருதுவோர் உண்டு என்று ஏன் இழுக்க வேண்டியிருக்கிறது? அந்த எலும்புகள் இப்போது இல்லை! மண்ணோடு மண்ணாக உதிரும் தன்மை கொண்ட அவை, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஈரத்தில் நொறுங்கிப் போய்விட்டன. மிச்சம் இருப்பவை வரைபடங்களும் சில புகைப்படங்களும் மட்டுமே. சுமார் 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பூதம், நம் கைக்கு வந்த சில ஆண்டுகளில் காணாமல் போனது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அவை கடல்வாழ் அம்மோனைட்டுகளைச் சுற்றி உருவான கல் உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். இல்லாத முட்டைக்குக் கூட்டம் கூடுகிறது. இருந்த எலும்புக்குக் காவல் இல்லாமல் போனது.

தீர்ப்பு என்ன?

முதல் தரப்புக்கு ஒரு மதிப்பெண் தரலாம். உலகம் இன்னும் வியப்புகளை ஒளித்து வைத்திருக்கிறது. மறு தரப்புக்கும் தரலாம். டைனோசர் எந்தக் காட்டிலும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் இருவரும் 'தொலைந்த உலகம்' என்றால் தானாகத் தொலைந்தது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். புக்கிட் தீமாவும், கூரையிலிருந்து இறங்கிய திமிங்கலமும், கல்லமேட்டு எலும்பும் வேறு கதை சொல்கின்றன. அவை நம் கண்ணெதிரே, நம் கைப்பிடியிலிருந்து நழுவியவை.

ஆகவே, பிள்ளை அடுத்த முறை "டைனோசர் எங்கேயாவது ஒளிஞ்சிருக்குமா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். செந்தோசாப் படகில் ஒரு ஞாயிறு போனால், அடுத்த ஞாயிறு கென்ட் ரிட்ஜ் அரும்பொருளகத்துக்கும், அதற்கடுத்த ஞாயிறு புக்கிட் தீமா காட்டுக்கும் கூட்டிப் போங்கள். தேடிக் கண்டுபிடிக்கும் வீரனைப் பற்றிக் கதைகள் நிறையச் சொல்லிவிட்டன. கிடைத்ததைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்களின் கதையை வீட்டில் நாம்தான் சொல்ல வேண்டும்.