லான்ட்மாஸ்டர் வாங்க முன் ஒரு கணக்குப் பார்ப்போம்

வயல் இருக்கிறது. விதைநெல்லும் இருக்கிறது. மழையும் பெய்துவிட்டது. ஆனால் உழுவதற்கு இயந்திரம் வரவில்லை. கணவனை இழந்தும், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டும், தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் எமது பெண்கள் பலருக்குக் காலபோகம் தொடங்கும்போது வரும் முதற் கவலை இதுதான். ஊரில் உள்ள உழவு இயந்திரம் முதலில் பெரிய வயல்காரரிடம் போகும். அடுத்து உரிமையாளரின் உறவினரிடம் போகும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெண்ணின் முறை வரும்போது விதைப்புக்கால ஈரம் தவறிப்போயிருக்கும். பிந்தி விதைத்த நெல், கதிர் தள்ளும் நேரத்தில் தண்ணீருக்குத் தவிக்கும்.

ஆகவே, “எங்களிடமும் சொந்தமாக ஒரு லான்ட்மாஸ்டர் இருந்தால்” என்ற எண்ணம் வருவது இயல்பு. அது நல்ல எண்ணமும்தான். ஆனால் இயந்திரம் வீட்டுக்கு வரும்போது கடனும் கூடவே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த இயந்திரம், யாருக்கு, எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

லான்ட்மாஸ்டர் என்பது உண்மையில் பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஒரு இயந்திரத்தின் பெயர். பின்னர் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு பெயர்களில் இரு சில்லு உழவு இயந்திரங்கள் வந்தன. ஆனாலும் எமது மக்களின் வாயில் எல்லாமே லான்ட்மாஸ்டர்தான். உழவு, பலகை அடித்தல், பெட்டி பூட்டி நெல்லும் விறகும் ஏற்றுதல், தண்ணீர் இறைத்தல், சூடு அடிக்கும் இயந்திரத்தை இயக்குதல் என்று பல வேலைகளை இதைக் கொண்டு செய்யலாம். சிறிய வயலில் வரம்புக்கு வரம்பு திருப்பவும் இது வசதியானது.

முதலில் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கை விளங்கிக்கொள்வதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைகளை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

உங்களிடம் 2 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகம், சிறுபோகம் இரண்டும் செய்கிறீர்கள். உழவு முதல் பலகை அடிப்பது வரை ஏக்கருக்கு 20,000 ரூபா கூலி என்று வைப்போம். வருடத்துக்கு 80,000 ரூபா கொடுக்கிறீர்கள். சொந்த இயந்திரம் இருந்தால் இந்தக் கூலி மிச்சம். ஆனால் டீசலுக்கு ஏக்கருக்கு 5,000 ரூபா வீதம் 20,000, திருத்த வேலைக்கு 10,000 என 30,000 ரூபா போகும். மிஞ்சுவது 50,000 ரூபா.

லீசிங் தவணை மாதம் 20,000 ரூபா என்றால் வருடத்துக்கு 240,000 ரூபா கட்ட வேண்டும். குறைவது 190,000 ரூபா. இதைப் பிறருடைய வயலை உழுதுதான் உழைக்க வேண்டும். கூலிக்கு ஒரு ஓட்டுநரைப் பிடித்தால், டீசலும் அவருக்கு 3,000 ரூபாவும் போக ஏக்கருக்கு 12,000 ரூபா மிஞ்சும். அப்படியானால் வருடத்துக்கு 16 ஏக்கர் உழ வேண்டும். நீங்களே ஓட்டினால் 13 ஏக்கர் போதும்.

மழையை நம்பி ஒரு போகம் மட்டும் செய்யும் இடமென்றால் கணக்கு மாறும். மிச்சமாவது 20,000 ரூபாதான். ஓட்டுநர் வைத்துச் செய்தால் 19 ஏக்கர் வெளிவேலை வேண்டும். உங்கள் வயலோடு 21 ஏக்கர். ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்ட வேண்டும். மண்ணையும் ஓட்டுபவரின் பழக்கத்தையும் பொறுத்து லான்ட்மாஸ்டர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு ஏக்கர் வரைதான் ஓடும். நாளுக்கு ஒன்றரை ஏக்கர் என்று வைத்தாலும் 42 நாட்கள் ஓயாமல் ஓட வேண்டும். விதைப்புக்காலம் அவ்வளவு நாள் காத்திருக்குமா? ஒரு போகக்காரர் பெட்டி ஓட்டம், தண்ணீர் இறைப்பு போன்ற வேறு வருமானம் உறுதியாக இல்லாமல் தவணைக்கு வாங்குவது ஆபத்து.

கூட்டாக வாங்கலாமே

கணக்கு ஒத்துவராவிட்டால் மனம் தளர வேண்டாம். அடுத்தடுத்த வயல்களைச் சேர்ந்த நான்கைந்து பெண்கள் சேரலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது கமக்காரர் அமைப்பு ஊடாகவும் வாங்கலாம். ஆனால் வாங்க முன்னரே நான்கு விடயங்களை எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும்: யாருடைய வயல் முதலில் (ஒவ்வொரு போகமும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது நல்லது), யார் ஓட்டுவது, பழுதானால் யார் செலவு செய்வது, ஒருவர் விலகினால் அவருடைய பணத்தை எப்படித் திருப்புவது. ஓடிய நேரம், ஊற்றிய டீசல், மாற்றிய எண்ணெய் ஆகியவற்றை எழுத ஒரு கொப்பி இயந்திரத்தோடு இருக்க வேண்டும். பொதுவாகக் கிடைத்த பல இயந்திரங்கள் துருப்பிடித்து மரத்தடியில் நிற்பதற்குக் காரணம், பாவிக்க எல்லோரும் இருந்தும் பராமரிக்க ஒருவரும் இல்லாததுதான்.

உங்கள் உடம்புக்கு ஏற்றதா?

கடைக்குப் போனால், “வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ தங்கச்சி?” என்று கேட்பார்கள். கூச்சப்பட வேண்டாம். ஓட்டப்போவது நீங்கள் என்றால் பிடித்துப் பார்க்க வேண்டியதும் நீங்கள்தான்.

சந்தையில் கூடுதலாகக் கிடைப்பது 12 குதிரைவலு டீசல் இயந்திரம். சுழல் கலப்பையுடன் பார்த்தால் இந்த வகையில் பல 300 கிலோவுக்கு மேல் நிறையுள்ளவை. களிமண் வயலுக்கும் பெட்டி இழுக்கவும் இது பலமானது. ஆனால் வரம்பு ஓரத்தில் திருப்பும்போது தோளும் இடுப்பும் நோகும். மணல் சேர்ந்த மண்ணில் கச்சான், உழுந்து, பயறு செய்பவர்களுக்கு 7, 8 குதிரைவலுவுள்ள பாரம் குறைந்த இயந்திரம் போதும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

கைபிடியின் உயரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இடுப்பளவுக்கு வந்தால் நல்லது. கிளச் நெம்புகோலை ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். இயந்திரத்தைக் கைபிடி போட்டுச் சுழற்றி இயக்கவும் பெலன் வேண்டும். மின்கலத்தால் இயங்கத் தொடங்கும் வகை சற்று விலை கூடினாலும் பெண்களுக்கு அது வீண் செலவல்ல. கைபிடி வகை என்றால், முதலில் அமுக்கத்தைக் குறைக்கும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு சுழற்றி, வேகம் வந்தபின் விட வேண்டும். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். கைபிடி திருப்பி அடித்தால் பெருவிரல் தப்பும்.

போரில் காயப்பட்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த இயந்திரத்தைத் திருப்பும் நெம்புகோல்கள் இரண்டு கைபிடிகளின் கீழும் இருக்கின்றன. இரு கைகளிலும் பிடிபலம் வேண்டும். அதிர்வும் கூட. முதுகிலோ தோளிலோ செல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் முடிவெடுங்கள். நீங்கள் உரிமையாளராக இருந்து கணக்கைப் பார்க்க, வேறொருவர் ஓட்டுவதில் குறைவொன்றும் இல்லை.

பழைய இயந்திரம் வாங்கும்போது

• நீங்கள் போகும்போது இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். குளிரில் இயங்க மறுப்பதை மறைக்க அப்படிச் செய்வதுண்டு.

• புகையைப் பாருங்கள். தொடர்ந்து நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பெரிய செலவு வரும். கறுப்புப் புகை என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் கூடுதலாகப் போகலாம்.

• எண்ணெய் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வாங்க வேண்டாம்.

• ஒவ்வொரு கியரிலும் ஓட்டிப் பாருங்கள். சுழல் கலப்பையின் கத்திகள் தேய்ந்திருந்தால் அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

• இயந்திரத்திலும் அடிச்சட்டத்திலும் உள்ள இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

புதிதோ பழையதோ, உதிரிப்பாகம் பக்கத்து நகரில் கிடைக்குமா, ஊர் மெக்கானிக் அந்த வகையைத் திருத்துவாரா என்று விசாரியுங்கள். உழவுக்காலத்தில் ஒரு சிறு பாகத்துக்காக ஒரு கிழமை நின்றால் அந்தப் போகத்தின் உழைப்புப் போய்விடும்.

கடனும் பெயரும்

நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை அரசுக்கே ஏற்பட்டது. எனவே முற்பணத்துக்காக இன்னொரு கடன் எடுக்காதீர்கள். தவணையை மாதா மாதம் அல்லாமல் அறுவடைக்கு அறுவடை கட்ட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இயந்திரம் இருந்தும் டீசலுக்காக வரிசையில் நின்றோம். வருமானம் நிற்கும் அப்படியான காலத்துக்கும் இரண்டு தவணைப் பணமாவது கையில் இருக்க வேண்டும்.

இயந்திரத்தை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தம்பியின் பெயரில் இருந்தால் சுலபம் என்று சொல்வார்கள். ஆனால் தவணை கட்டுபவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர் என்றால் நாளைக்குப் பிணக்கு வரும். கணவர் காணாமற்போயிருந்தால், இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாதவர்கள் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதற்கு இடமளித்தது. அவருடைய சொத்துக்களைப் பராமரிப்பது போன்ற அலுவல்களுக்கு இது உதவும்.

உயிரைக் காக்கும் விதிகள்

வீதியில் பெட்டியுடன் ஓட்ட ஜி1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பெட்டியின் பின்னால் ஒளிதெறிக்கும் அட்டைகளைக் கட்டாயம் ஒட்டுங்கள். இருட்டில் பின்னால் வரும் வாகனத்துக்கு லான்ட்மாஸ்டர் தெரிவதில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: சமதரையில் இடது நெம்புகோலை அழுத்தினால் இயந்திரம் இடது பக்கம் திரும்பும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது, பின்னாலுள்ள பாரம் தள்ளுவதால், அதே நெம்புகோல் வலது பக்கம் திருப்பிவிடும். குளக்கட்டில் இருந்து இறங்கும்போது இயந்திரம் புரள்வதற்கு இது ஒரு காரணம். குறைந்த கியரில், நெம்புகோலைத் தொடாமல், கைபிடியைத் தள்ளித் திருப்பி மெதுவாக இறங்குங்கள்.

சுழல் கலப்பை சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் பின்னால் எடுக்காதீர்கள். புல் சிக்கினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டே கையை வையுங்கள். தாவணி, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் பட்டியில் சிக்கும். இறுக்கிக் கட்டிய கூந்தலும் நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் நல்லது.

போர் நடந்த பகுதிகளில் நெடுநாள் உழாமல் கிடந்த காணியாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிசெய்த பின்னரே இயந்திரத்தை இறக்குங்கள். மண்வெட்டி படாத ஆழத்துக்கும் கலப்பை போகும்.

நாள்தோறும் எண்ணெய், தண்ணீர் பார்ப்பது, டீசலைத் துணியில் வடித்து ஊற்றுவது, வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவுவது ஆகிய மூன்றும் பணச் செலவில்லாத பராமரிப்பு.

சகோதரிகளே, இயந்திரம் ஓட்டுவது ஆண்களின் வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இடப்பெயர்வில் சைக்கிளில் முழுக் குடும்பத்தையும் கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். அடுத்த காலபோகத்துக்கு முன் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து, உங்கள் ஏக்கர், உங்கள் கூலி, உங்கள் தவணை மூன்றையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். கணக்குச் சரிவந்தால் துணிந்து வாங்குங்கள். சரிவராவிட்டால், பக்கத்து வயல்காரியோடு உட்கார்ந்து கூட்டாக வாங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.